மழை நாளுக்கு ஒரு காசு

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்புகளின் ஆங்கில ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பணம், நாணயம் தொடர்பான ஆங்கிலச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் வகுப்பில் எப்படிக் கற்பிக்கலாம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மாதக் கடைசியில் ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் பேசுகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். அதில் பதினொரு ஆண்டுகள் தூத்துக்குடிப் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்டது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் ‘சேவ் ஃபார் எ ரெய்னி டே’ என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதினேன். இதற்கு என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. நமக்கு மழை என்றால் மகிழ்ச்சி. மழைக்காகக் காத்துக் கிடக்கிறோம். இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே மழை ஒரு தொல்லை. ஆகவே ‘மழை நாள்’ என்றால் அவர்களுக்குத் துன்ப நாள். அவர்கள் நாடு வேறு, நம் நாடு வேறு. பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த விளக்கம்தான். அன்றும் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன். வகுப்பில் வாயே திறக்காதவன். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயரை நானே எழுதியிருந்தேன். அவன் எழுந்து, “மழை பேஞ்சா அளத்துல வேலை கெடையாது டீச்சர். பாத்தியெல்லாம் கரைஞ்சிரும். அதுக்குத்தான் முன்னாடியே சேத்து வைக்கணும். எங்கம்மா சீட்டு போடுறது அதுக்குத்தான்” என்றான்.

வகுப்பே “ஆமா டீச்சர்” என்றது. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு வாரும் வேலை நின்றுபோகும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் தொடரோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ‘நமக்கு மழை என்றால் மகிழ்ச்சி’ என்று நான் இத்தனை ஆண்டுகள் சொன்னபோது, அந்த ‘நமக்கு’ என்பதில் உப்பளத்துப் பிள்ளைகள் இல்லை. மாதச் சம்பளக்காரியான நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பணத்தைப் பற்றிய பாடத்தை நான் நடத்தும் முறை மாறியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். நான் சொல்லும் ஆங்கிலத் தொடர்களை எங்கள் பிள்ளைகள் முதலில் தமிழ் எழுத்தில்தான் ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். அதை நான் கண்டிப்பதில்லை. காதில் விழுந்த ஒலியைப் பிடித்து வைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. எழுத்துக்கூட்டலைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பணம் பற்றிய பாடம் மற்றப் பாடங்களைப் போன்றது அல்ல. பழங்களின் பெயரையோ நிறங்களின் பெயரையோ சொல்லிக் கொடுத்தால் யார் மனமும் நோகாது. பணம் அப்படியில்லை.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பேச்சுப் பயிற்சி வைத்தேன். ‘உனக்கு வாரம் எவ்வளவு பாக்கெட் மனி கிடைக்கிறது? அதை என்ன செய்வாய்?’ ஆளுக்கு இரண்டு வாக்கியம். நான்கைந்து பேர் சொன்னார்கள். ஒரு சிறுமி எழுந்து, “ஃபிஃப்டி ருப்பீஸ்” என்றாள். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று, “பொய் சொல்றா டீச்சர், அவங்க வீட்ல ஒண்ணுமே குடுக்க மாட்டாங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. அந்தச் சிறுமி அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் தானாக ஒரு வாக்கியம் பேசவில்லை. இலக்கணப் பிழை எதுவும் இல்லாத என் கேள்விதான் அவள் வாயை அடைத்தது.

அதன் பிறகு ‘உன் அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம்’, ‘உன் சட்டை என்ன விலை’ போன்ற கேள்விகளை நான் கேட்பதில்லை. கரும்பலகையில் ஓர் ஆளை வரைந்து விடுவேன். மாரியப்பன் என்று பெயர். அவருக்கு ஒரு கூலி, ஒரு வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள், ஒரு கடன். எல்லாக் கேள்வியும் மாரியப்பனைப் பற்றித்தான். பிள்ளைகள் தம் வீட்டில் கண்டதையெல்லாம் அவர் தலையில் தாராளமாக ஏற்றுவார்கள். மொழியும் வரும், யாருக்கும் தலைகுனிவும் இல்லை.

எங்கே தடுமாறுகிறார்கள்

இனிச் சொற்களுக்கு வருவோம். நம் பிள்ளைகள் தவறு செய்யும் இடங்கள் பெரும்பாலும் தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குத் தாவும் இடங்கள்தான்.

‘கடன்’ என்று நமக்கு ஒரே சொல். வாங்கினாலும் கடன், கொடுத்தாலும் கடன். ஆங்கிலத்தில் வாங்குவது ‘பாரோ’, கொடுப்பது ‘லெண்ட்’. அதனால்தான் நம் பிள்ளை ‘பாரோ மீ யுவர் பென்’ என்கிறது. பேனா வருகிற திசையைக் கையால் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். என் பக்கம் வந்தால் ‘பாரோ’; என்னை விட்டுப் போனால் ‘லெண்ட்’. நாற்பது பேனாக்கள் அரை மணி நேரம் கைமாறினால் போதும், அதற்குப் பிறகு இது மறக்காது.

‘மனி’ எண்ண முடியாத பெயர். ரூபாயை எண்ணலாம், நாணயத்தை எண்ணலாம், ‘மனி’யை எண்ண முடியாது. ஆகவே ‘ஹவ் மச் மனி’. சில்லறைக்கும் இதே கதை: ‘சேஞ்ச்’ என்றுதான் கேட்க வேண்டும், ‘சேஞ்சஸ்’ என்றால் மாற்றங்கள் ஆகிவிடும்.

‘டென் ருப்பீஸ்’ சரி. ஆனால் பத்து ரூபாய் நோட்டு என்னும்போது ‘எ டென் ருப்பி நோட்’. முன்னால் நின்று இன்னொரு பெயரை விளக்கும்போது அந்தப் பன்மை விகுதி உதிர்ந்துபோகிறது. ஆங்கிலேயரின் ‘பென்னி’க்கு இரண்டு பன்மைகள் உண்டு. தொகையைச் சொன்னால் ‘பென்ஸ்’; கையில் இருக்கும் தனித்தனிக் காசுகளைச் சொன்னால் ‘பென்னீஸ்’. இவ்வளவு நுட்பம் ஆறாம் வகுப்புக்குத் தேவையில்லை, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, எதற்குக் கொடுக்கும் பணம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுவது. பேருந்துக்குக் கொடுப்பது ‘ஃபேர்’. பள்ளிக்கும் மருத்துவருக்கும் கொடுப்பது ‘ஃபீ’. தவறு செய்து கட்டுவது ‘ஃபைன்’. வீட்டுக்கு ‘ரென்ட்’. சாலைச் சாவடியில் ‘டோல்’. நாள் கூலி ‘வேஜ்’, மாதச் சம்பளம் ‘சாலரி’. தமிழிலும் கட்டணம், தண்டம், வாடகை, கூலி, சம்பளம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். இரண்டு பட்டியலையும் எதிரெதிரே எழுதிக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்வார்கள்.

காசு கடல் கடந்த கதை

சொற்களின் பிறப்பைச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை அகலத் திறந்து கேட்பார்கள். எனக்குக் கைகொடுத்த சிலவற்றைச் சொல்கிறேன்.

பழைய ரோம் நகரில் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலையொட்டி நாணயச் சாலை இருந்தது. அந்த மொனேட்டாதான் ‘மனி’. நாணயச் சாலையைக் குறிக்கும் ‘மின்ட்’ என்பதும் அதே சொல்லிலிருந்து வந்ததே. சென்னையில் தங்கசாலைத் தெருவுக்கு ‘மின்ட் ஸ்ட்ரீட்’ என்று இன்னொரு பெயர் இருப்பதை இங்கே சொல்லலாம்.

‘ஃபீ’ என்ற சொல்லின் பழைய ஆங்கில வடிவத்துக்குக் கால்நடை என்றும் செல்வம் என்றும் பொருள் இருந்தது. இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ‘மாடு’ என்ற சொல் செல்வம் என்ற பொருளில்தான் நிற்கிறது. உலகத்தின் இரண்டு மூலைகளில் மனிதர்கள் மாட்டைப் பார்த்துத்தான் செல்வத்தை எண்ணியிருக்கிறார்கள். தமிழாசிரியரை அந்தப் பாடவேளைக்கு அழைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

‘காயின்’ என்ற சொல் இலத்தீனில் ஆப்பு என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. ஆப்பு வடிவ அச்சைக் குறித்துப் பிறகு அச்சடித்த காசைக் குறித்தது. அதனால்தான் புதுச்சொல் படைப்பதையும் ‘காயின் எ வேர்ட்’ என்கிறார்கள். ‘ஆப்பு’ என்றவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். எழட்டும், அந்தச் சொல் மறக்காது.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது ‘கேஷ்’. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று உண்மையில் இரண்டு சொற்கள் உண்டு. கடையில் ‘கேஷா, கார்டா’ என்கிறோமே, அது பணப்பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழி வந்தது. இன்னொரு ‘கேஷ்’ சிறு செப்புக் காசைக் குறிப்பது. அது நம் ‘காசு’. தமிழரின் காசு போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கணக்கு எழுதியபோது 80 காசு ஒரு ‘ஃபனம்’. 42 ஃபனம் ஒரு ‘பகோடா’. ஃபனம் என்பது நம் பணம். பகோடா என்று அவர்கள் சொன்னது வராகன். ஒரு வராகனுக்கு எத்தனை காசு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 3,360. கணக்கு ஆசிரியரும் மகிழ்வார்.

இந்தப் பகோடாவை வைத்து ஒரு மரபுத்தொடரே பிறந்தது: ‘ஷேக் தி பகோடா ட்ரீ’. பகோடா மரத்தை உலுக்குவது. இந்தியாவுக்கு வந்து விரைவில் பெரும் பணம் சேர்ப்பதை ஆங்கிலேயர்கள் அப்படிச் சொன்னார்கள். ‘மனி டஸிண்ட் க்ரோ ஆன் ட்ரீஸ்’ என்பதும் அவர்கள் மொழிதான். பணம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று நாமும் கேட்கிறோம். தங்கள் ஊரில் மரத்தில் காய்க்காத பணம் நம் ஊரில் மட்டும் அவர்களுக்குக் காய்த்திருக்கிறது. இதைச் சொன்னபோது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அப்ப அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு டீச்சர்?” அந்தக் கேள்வியை வரலாற்று ஆசிரியரிடம் அனுப்பி வைத்தேன்.

செல்லாக் காசும் சொல்லில் செல்லும்

‘பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்’ என்ற தொடரைச் சொன்னால், பென்னி என்றால் என்ன, பவுண்ட் என்றால் என்ன என்று கேட்பார்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பது பழைய கணக்கு. 1971 பிப்ரவரி 15 முதல் ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ். நாம் அவர்களுக்கு முந்திக்கொண்டோம். 16 அணா ஒரு ரூபாய் என்றிருந்த கணக்கு 1957 ஏப்ரல் 1இல் 100 நயா பைசா ஆனது.

ஷில்லிங் போய்விட்டது. கால் பென்னியான ‘ஃபார்த்திங்’ அதற்கும் முன்பே, 1960ஆம் ஆண்டோடு போய்விட்டது. ஆனாலும் ஒன்றுக்கும் உதவாததை ‘நாட் வொர்த் எ ஃபார்த்திங்’ என்று சொல்வது உண்டு. இது பிள்ளைகளுக்கு விந்தையாகத் தோன்றினால், வீட்டில் பாட்டியிடம் ‘காலணாவுக்குப் பெறாது’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். காலணாவைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். 25 பைசா 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது. இன்று நம் வகுப்பில் இருக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதன் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் நாலணா, எட்டணா என்ற பேச்சு ஊரில் நடக்கிறது. காசு செல்லாமல் போனாலும் சொல் செல்லுகிறது.

இந்தத் தொடருக்கு நம் பக்கம் என்ன இருக்கிறது? கடுகு போகிற இடத்தைத் தடவிப் பார்ப்பான், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது. பொருள் ஒன்றுதான். அவர்கள் காசில் சொன்னதை நாம் காய்கறியில் சொன்னோம்.

மூன்று கூடைகள்

மரபுத்தொடர்களை நான் மூன்று கூடையாகப் பிரிக்கிறேன். மூன்று கூடையையும் கரும்பலகையில் வரைந்து, தொடர்களைப் பிள்ளைகளையே போடச் சொல்வேன்.

முதல் கூடை, படமும் பொருளும் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருப்பவை. மரத்தில் காய்க்கும் பணம் இதில் வரும். ‘ஸ்பென்ட் மனி லைக் வாட்டர்’, தண்ணீராய்ச் செலவழிக்கிறான், இதுவும் வரும். இந்தத் தொடரில் எங்கள் பிள்ளைகள் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். “தண்ணியவே கொடம் இவ்வளவுன்னு காசு குடுத்துத்தானே வாங்குறோம், அப்ப தண்ணியா செலவழிக்கிறான்னா சிக்கனமா செலவழிக்கிறான்னுதானே அர்த்தம்?” எனக்குப் பதில் இல்லை.

இரண்டாம் கூடை, பொருள் ஒன்று, படம் வேறு. ‘காஸ்ட்ஸ் அன் ஆர்ம் அண்ட் எ லெக்’: கையையும் காலையும் விலையாகக் கேட்கிறது. நமக்கு அது யானை விலை, குதிரை விலை. ‘லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்’ என்பதற்கு நம்மிடம் ஒரே சொல், அன்றாடங்காய்ச்சி. ‘இன் ஃபார் எ பென்னி, இன் ஃபார் எ பவுண்ட்’ என்பதற்கு, நனைந்த பிறகு முக்காடு எதற்கு. ‘தி பென்னி ட்ராப்ட்’ என்றால் அப்போதுதான் விளங்கியது என்று பொருள். காசு போட்டால் இயங்கும் இயந்திரத்தில் காசு உள்ளே விழுந்த பிறகுதான் அது வேலை செய்யும். ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தை நினைவுபடுத்தினால் போதும். என் வகுப்பில் யாராவது நெடுநேரம் யோசித்துப் பதில் சொன்னால் மற்றப் பிள்ளைகள் இப்போது ‘டிங்’ என்று ஒலி எழுப்புகிறார்கள்.

மூன்றாம் கூடைதான் முக்கியமானது. பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும், பொருள் வேறாக இருக்கும். ‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால் வாங்கும் சம்பளத்துக்குத் தகுந்தவர், திறமையானவர். உப்பு அங்கே உயர்ந்த அளவுகோல். ‘சாலரி’ என்ற சொல்லே உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. நாம் ‘உப்புப் பெறாத விஷயம்’ என்கிறோம். உப்பின் விலைகூடப் பெறாத அற்பம் என்று பொருள். இங்கே உப்பு மிகத் தாழ்ந்த அளவுகோல். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்கிற அதே நாம்தான் இப்படியும் சொல்கிறோம்.

இதை விளக்கி முடித்ததும் அந்தக் கடைசி வரிசைப் பையன், மழை நாளுக்குப் பொருள் சொன்னவன், கேட்டான்: “அப்ப இங்கிலீஷ்காரன் உப்புக்கு நல்ல வெல குடுத்தானா டீச்சர்?” நான் சிரிக்கவில்லை. வெயிலில் கண் கூசக் கூச உப்பு வாருகிறவர்களின் பிள்ளை, தன் வீட்டு உழைப்புக்கு மொழி என்ன விலை போட்டிருக்கிறது என்று கேட்கிறான். அன்றைய வீட்டுப்பாடத்தை மாற்றினேன். ‘மை மதர் இஸ் வொர்த் ஹெர் சால்ட்’ என்று தொடங்கி ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன். வீட்டு வரவு செலவைக் கேட்பது தவறு என்று சற்றுமுன் சொன்னேன். அம்மா செய்யும் வேலையைப் பற்றி எழுதச் சொல்வது வேறு. அதில் குனிய வேண்டியது எதுவும் இல்லை. முப்பத்தெட்டு நோட்டுகள் வந்தன. இலக்கணப் பிழைகள் நிறைய இருந்தன. ஒரு நோட்டும் காலியாக இல்லை.

நாணயம் என்றொரு சொல்

தமிழில் காசும் நாணயம், நேர்மையும் நாணயம். ‘நாணயமான மனுஷன்’ என்பதைவிடப் பெரிய நற்சான்று எங்கள் ஊரில் கிடையாது. ஆங்கிலத்திலும் இதற்கு நெருக்கமான தொடர் உண்டு. ஒரு பேச்சு நம்பும்படி இருந்தால் ‘இட் ரிங்ஸ் ட்ரூ’ என்பார்கள். காசைக் கல்லில் போட்டு ஓசையைக் கேட்டு நல்லதா கள்ளதா என்று பார்த்த காலத்தின் மிச்சம் அது. நம் ஊர்க் கடைக்காரர்களும் காசைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அதே போல் ‘டேக் அட் ஃபேஸ் வேல்யூ’. காசின் முகத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. இதை நடத்தும்போது, கைப்பேசியில் வரும் ‘நீங்கள் பரிசு வென்றுள்ளீர்கள்’ செய்தியைக் கரும்பலகையில் எழுதி, ‘டோன்ட் டேக் இட் அட் ஃபேஸ் வேல்யூ’ என்று சொல்லிக் கொடுக்கிறேன். தொடருக்கு உடனே ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

பாடநூலில் இல்லாத சொற்கள்

இப்போது நான் சொல்ல வந்ததில் கனமான பகுதிக்கு வருகிறேன்.

நம் பட்டியல்களில் பர்ஸ், வாலட், ஷாப்பிங் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் வீட்டில் காதில் விழும் சொற்கள் வேறு: வட்டி, அசல், அடகு, தவணை, முன்பணம், ஏலம். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பிறகு வந்து, “டீச்சர், கம்மலை அடகு வைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்டாள். ‘பான்’ என்றும் சொல்லலாம், ‘ப்ளெட்ஜ்’ என்றும் சொல்லலாம் என்றேன். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அடகுச் சீட்டைப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். முழுவதும் ஆங்கிலம். இருவரும் உட்கார்ந்து படித்தோம். ‘ப்ரின்சிபல்’ என்றால் தலைமையாசிரியர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இங்கே அது அசல். ‘இன்ட்ரஸ்ட்’ என்றால் ஆர்வம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இங்கே அது வட்டி. ‘ட்யூ டேட்’ என்ற இடத்துக்கு வந்தோம். ஒன்பது நாளில் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு ‘ஆக்‌ஷன்’ என்று இருந்தது. “ஆக்‌ஷன்னா நடிக்கிறதா டீச்சர்?” என்றாள். இது வேறு எழுத்துக்கூட்டல், வேறு சொல், ஏலம் என்றேன். அவள் முகம் மாறியது. பொங்கல் கழித்துக் கட்டினால் போதும் என்று அவள் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அந்த வாரமே அம்மா எப்படியோ வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துவிட்டார். கம்மல் பிழைத்தது. ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொல்லிக் குடுத்த இங்கிலீஷ் சோறு போட்டுச்சு டீச்சர்” என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கேள்வி கேட்டது அவர் மகள். நான் எட்டாண்டுகளாக அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுக்காமல் இருந்தவள்.

அதற்குப் பிறகு எட்டாம் வகுப்பு முதல் ஒவ்வோர் ஆண்டும் ‘காகிதப் பாடம்’ என்று இரண்டு பாடவேளை ஒதுக்குகிறேன். வங்கியில் பணம் போடும் படிவம், எடுக்கும் படிவம், கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம், மின்கட்டண ரசீது, மாதிரியாக நானே எழுதிய ஓர் அடகுச் சீட்டு. ‘டெபாசிட்’, ‘வித்ட்ராயல்’, ‘பேலன்ஸ்’, ‘ட்யூ’, ‘ரிடீம்’. ‘பேங்க்’ என்றால் ஆற்றங்கரையும் உண்டு, ‘பேலன்ஸ்’ என்றால் சமநிலையும் உண்டு என்று ஒரு சொல்லின் பல பொருளையும் அங்கேயே பார்த்துவிடலாம். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் இந்தப் பாடத்தில்தான் வரும். உண்மையான சீட்டு எதையும் வகுப்பில் காட்டச் சொல்லாதீர்கள். மாரியப்பனுடைய சீட்டு போதும்.

வகுப்புக்குச் சில செயல்பாடுகள்

முதல் மூன்று வகுப்புகளுக்கு: அட்டையில் வட்டம் வெட்டி 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்கள் செய்துகொள்ளுங்கள். வகுப்பின் மூலையில் ஒரு கடை. ‘ஹவ் மச் இஸ் திஸ்?’, ‘ஹியர் இஸ் யுவர் சேஞ்ச்’ என்ற இரண்டு வாக்கியம் மட்டும் ஒரு வாரம் ஓடட்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகையைக் கொடுங்கள். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வேறுபாடு அட்டைக் காசிலாவது வேண்டாம்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு: ‘பாரோ’, ‘லெண்ட்’ பேனா விளையாட்டு. ஃபேர், ஃபீ, ஃபைன் இணைக்கும் பயிற்சி.

ஆறு முதல் எட்டு வரை: வீட்டுப் பெரியவர்களிடம் காசு, பணம் பற்றிய ஒரு பழமொழியைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு நெருக்கமான ஆங்கிலத் தொடரை நாம் கொடுக்க, எந்தக் கூடை என்று பிள்ளைகள் முடிவு செய்யட்டும். நெருக்கமான தொடர் கிடைக்கவில்லையென்றால் தமிழ்ப் பழமொழியை எளிய ஆங்கிலத்தில் விளக்கி எழுதட்டும். அதுவும் ஆங்கிலப் பயிற்சிதான்.

ஒன்பது, பத்துக்கு: வாரத்துக்கு இரண்டு தொடருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு படி. காட்சியை வரையச் சொல்லுங்கள். பொருளை ஊகிக்கச் சொல்லுங்கள். தமிழில் எந்தக் கூடை என்று கேளுங்கள். கடைசியாகத் தம் ஊர் வாழ்க்கையை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஊகிக்கும் படியைத் தாண்டிவிடாதீர்கள். நான் விளக்கத்தை அவசரப்பட்டுச் சொல்லியிருந்தால், அந்தப் பையன் எழுந்திருக்கவே மாட்டான்.

அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் பில் எழுதும் வேலையில் இருக்கிறான். போன ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு நாளில் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். ‘டுடே ரெய்னி டே டீச்சர். பட் ஐ ஹேவ் சாலரி.’ முதல் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. நான் திருத்தவில்லை.